எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கம் இருந்தால்

கனிமம் தேடும் சிறு நிறுவனங்கள் வெளியிடும் நில வரைபடங்களில், நடுவே தங்கள் நிலம் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். அதை ஒட்டி பக்கத்து நிறுவனத்தின் புகழ்பெற்ற சுரங்கம் பெரிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே தங்கம் இருந்தால் இங்கேயும் இருக்கும் என்று பார்ப்பவர் நினைக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த நினைப்பு சில இடங்களில் பலித்திருக்கிறது, பல இடங்களில் பொய்த்திருக்கிறது.

பலித்த இடம் ஹெம்லோ. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரியின் வடகரைக்கு அருகே இருக்கிறது. 1981-ல் கொரோனா என்ற சிறு நிறுவனம் டேவிட் பெல் என்ற புவியியலாளரை வைத்து அங்கே துளையிட்டுக்கொண்டிருந்தது. மே மாதம் லாக் மினரல்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் ஆட்கள் வந்து, துளைகளிலிருந்து எடுத்த பாறைத் தண்டுகளையும் வரைபடங்களையும் குறுக்குவெட்டுப் படங்களையும் பார்த்தார்கள். பாறை அடுக்கு உருவானபோதே தங்கமும் சேர்ந்து படிந்திருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்படியானால் அடுக்கு போகுமிடமெல்லாம் தங்கமும் போக வாய்ப்புண்டு. அடுக்கோ மேற்கே, வில்லியம்ஸ் நிலம் என்ற பக்கத்து மனைக்குள் போய்க்கொண்டிருந்தது. கொரோனா வாங்க முயன்ற அந்த நிலத்தை அதே ஆண்டு லாக் வாங்கிக்கொண்டது. கொரோனா தொடுத்த வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம்பிக்கையின் பேரில் காட்டிய தகவலைத் தனக்காகப் பயன்படுத்தியது தவறு என்று சொல்லி, 1989-ல் நீதிமன்றம் அந்த நிலத்தில் லாக் அமைத்திருந்த சுரங்கத்தையே கொரோனாவிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஒரே தாதுப் படிவின் மேல் அங்கே மூன்று சுரங்கங்கள் எழுந்தன. இதுவரை 2 கோடி அவுன்சுக்கு மேல் தங்கம் கிடைத்திருக்கிறது.

ஆக, இரண்டு நிலங்களை ஒப்பிடும்போது தூரத்தை அளப்பதற்கு முன் திசையைப் பார்க்க வேண்டும். தாது அடுக்கு பெரும்பாலும் சாய்த்து வைத்த பலகை போல மண்ணுக்குள் இறங்கும். பலகையின் மேல்விளிம்பு எந்தத் திசையில் ஓடுகிறது, பலகை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்ற இரண்டும் நல்ல வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் அடுக்கு எல்லைக்குத் தெற்கே 200 மீட்டரில் தரைக்கு வந்து, வடக்கு நோக்கி 60 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 346 மீட்டர் ஆழத்தில் எல்லையைக் கடந்து வடக்கு நிலத்துக்குள் நுழைந்துவிடும். வடக்கு நிலத்தின் தரையில் ஒரு அறிகுறியும் தெரியாது. தெற்கு நோக்கிச் சாய்ந்தால், எவ்வளவு நெருங்கி இருந்தாலும் வடக்கு நிலத்துக்கு அந்த அடுக்கால் பயனில்லை.

கனடாவில் உரிமை எல்லை தரையிலிருந்து நேர்கீழாக இறங்குகிறது. அமெரிக்காவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டமோ, தாது நரம்பின் மேல்முனை தன் நிலத்தில் இருப்பவர் அதைத் தொடர்ந்து பக்கத்து நிலத்துக்கு அடியிலும் தோண்ட சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. எனவே ஒரே பாறை இரண்டு நாடுகளில் இருந்தால் உரிமையாளரும் மாறலாம்.

படிவின் வகையும் முக்கியம். கனடாவின் கிழக்கே லாப்ரடாரில் உள்ள வோய்சிஸ் பே பகுதியில் 1993-ல் நிக்கல் கண்டுபிடிக்கப்பட்டதும், சுற்றியிருந்த நிலமெல்லாம் போட்டி போட்டுப் பதிவாயின. அந்த நிக்கல் பாறைக்குழம்பு பாய்ந்த குறுகிய வழிகளில் தங்கியது. வழி எங்கே போகிறதோ அங்கேதான் தாது. சுற்றிப் பதிவு செய்தவர்களில் அதற்கு இணையான படிவு யாருக்கும் கிடைக்கவில்லை.

நான் முதலில் தேடுவது, எல்லையை ஒட்டிய துளைகளைத்தான். பக்கத்துக்காரரின் துளைகள் எல்லையை நெருங்கும்போது தாது தடிக்கிறதா, மெலிகிறதா? அறிவிக்கும் நீளம் துளையின் நீளமா, அடுக்கின் உண்மைத் தடிமனா? துளை அடுக்கை 30 டிகிரியில் வெட்டினால், 10 மீட்டர் என்று சொல்வது உண்மையில் 5 மீட்டர்தான். இடையில் ஒரு பிளவு ஓடினால் அடுக்கு அங்கேயே அறுந்து வேறிடத்துக்கு நகர்ந்திருக்கலாம்.

சுரங்க நிறுவனங்கள் கனிமத் தகவலை வெளியிடுவதற்கான கனடாவின் என்.ஐ. 43-101 விதிப்படி, பக்கத்து நிலத்தைப் பற்றி எழுதும் தொழில்நுட்ப அறிக்கையில் அங்குள்ள கனிமம் இந்த நிலத்திலும் இருப்பதற்கு அது அடையாளமாக இருக்க வேண்டும் என்பதில்லை என்று சொல்லியாக வேண்டும். வண்ண வரைபடத்தைப் பார்த்த கையோடு அறிக்கையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.