ஆலங்கட்டி அடித்த கூரையும் அந்த இரண்டு சதவீதமும்

"சார், கூரை மாற்ற 21,500 டாலர் ஆகும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? கம்பெனி 2,650 டாலருக்கு செக் அனுப்பியிருக்கு. ஏதாவது தப்பு நடந்துபோச்சா?"

தப்பு எதுவும் நடக்கவில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வசந்தத்திலும் வருகிறது. கேட்பவர்கள் கம்ப்யூட்டர் துறையில் பெரிய பெரிய கணக்கையெல்லாம் சாதாரணமாகப் போடுகிறவர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் பகுதியில் காப்பீட்டு அட்ஜஸ்டர். ஆலங்கட்டி மழை அடித்த வீட்டின் கூரை மேல் ஏறிச் சேதத்தை அளந்து, எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் எழுதுவது என் வேலை. ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி, இர்விங் பக்கம் நம்மவர்கள் வீடுகள் நிறைய. மார்ச்சிலிருந்து ஜூன் வரை இங்கே ஆலங்கட்டிக் காலம். 2016 ஏப்ரலில் வைலி ஊரிலும், அடுத்த நாளே சான் அன்டோனியோவிலும் விழுந்த கட்டிகளைப் பார்த்தவர்கள் இன்றும் வானம் கறுத்தால் காரை ஷெட்டுக்குள் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். காரைப் பற்றி இருக்கும் இந்த எச்சரிக்கை உணர்வு கூரையைப் பற்றி யாருக்கும் இருப்பதில்லை.

ஊரில் நாம் பார்த்து வளர்ந்தது மொட்டைமாடி. வடாம் காய வைத்தோம், வெயில் காலத்தில் பாய் போட்டுப் படுத்தோம். ஒழுகினால் மேலே ஒரு பூச்சு. இங்கே கூரை என்பது பலகை மேல் ஆணியடித்த தார் ஷிங்கிள், அதாவது ஓடு மாதிரி வரிசையாக அடுக்கிய தார்த் தகடுகள். அது தேயும். வெயிலில் காயும், மணல் உதிரும், ஒரு கட்டத்தில் மாற்றியே ஆக வேண்டும். இது புரிந்தால் பின்னால் வரும் பணக்கணக்கு பாதி புரிந்த மாதிரி.

இப்போது அந்த 2,650 டாலருக்கு வருகிறேன்.

அவருடைய பாலிசியில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு டிடக்டிபிள், அதாவது நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 2 சதவீதம் என்று எழுதியிருந்தது. அவர் மனதில் ஓடிய கணக்கு: 21,500 டாலரில் 2 சதவீதம், 430 டாலர். அதை மட்டும் நாம் போட்டால் மீதியைக் கம்பெனி தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 2 சதவீதம் சேதத்தின் மேல் போடுவது அல்ல. வீட்டுக்கு எழுதியிருக்கும் மொத்தக் காப்பீட்டுத் தொகையின் மேல் போடுவது. அவர் வீட்டுக்குக் காப்பீடு 6,20,000 டாலர். அதில் 2 சதவீதம் 12,400 டாலர். கூரை மாற்ற ஆகும் செலவில் பாதிக்கும் மேல் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும்.

இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. "கார் இன்ஷூரன்ஸில் 500 டாலர்தானே சார்?" என்பார்கள். கார் பாலிசியில் டிடக்டிபிள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு தொகை. அந்தப் பழக்கம்தான் இங்கே ஏமாற்றுகிறது. சொத்து வரியை நினைத்துப் பாருங்கள். வரிச் சதவீதத்தை உங்கள் சமையலறைக்கு மட்டுமா போடுகிறார்கள்? முழு வீட்டின் மதிப்புக்குத்தானே? இதுவும் அப்படித்தான். சேதம் 21,500 டாலர் என்றாலும் உங்கள் பங்கு 12,400. 50,000 டாலர் என்றாலும் அதே 12,400. சேதம் அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் கம்பெனியிடமிருந்து ஒரு பைசா வராது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "நான் வீடு வாங்கினது நாலு லட்சத்துக்கு, ஆறு லட்சத்துக்கு எப்படிக் கணக்குப் போடலாம்?" என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடு தரைமட்டமானால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் காப்பீட்டுத் தொகை. மரம், கூலி விலை ஏற ஏற, ஒவ்வொரு வருடமும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அது தானாக ஏறும். கூடவே உங்கள் டிடக்டிபிளும் ஏறும். சில கம்பெனிகள் புதுப்பிக்கும்போது 1 சதவீதத்தை 2 ஆக்கி, அதை ஒரு கடிதத்தில் தெரிவித்தும் விடுகிறார்கள். அந்தக் கடிதத்தை யார் பிரிக்கிறார்கள்? குப்பைத் தபால்களோடு அடுக்கி வைத்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்றால் நான் என்ன செய்வது? பாலிசியின் முதல் சில பக்கங்களில் டிக்ளரேஷன்ஸ் என்று ஒரு தாள் இருக்கும். அதில் காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிளைத் தனி வரியாகப் போட்டிருப்பார்கள். மற்றச் சேதங்களுக்கு வேறு எண் இருக்கலாம். பார்க்க வேண்டியது அந்தத் தனி வரியை. தயவுசெய்து இன்று இரவே எடுத்துப் பாருங்கள். புயல் வந்த பிறகு அதை மாற்ற முடியாது.

சரி, 21,500-இல் 12,400 போனால் 9,100 வர வேண்டுமே, ஏன் 2,650? அவர் கூரைக்கு 11 வயது. தேய்மானம் என்று 6,450 டாலரைக் கம்பெனி முதலில் பிடித்து வைத்துக்கொண்டது. வேலை முடிந்து, பில்லும் பணம் கட்டிய ரசீதும் காட்டினால் அந்த 6,450 இரண்டாவது செக்காக வரும். இது மாற்றுவிலையை, அதாவது புதிதாகப் போட ஆகும் விலையை, தரும் பாலிசியில். கூரைக்கு மட்டும் தேய்ந்த மதிப்பைத் தருகிற பாலிசிகளும் இப்போது நிறைய விற்பனையாகின்றன. அதில் இரண்டாவது செக் என்ற பேச்சே கிடையாது. வயதுக்கு ஏற்ப இத்தனை சதவீதம்தான் தருவோம் என்று அட்டவணை போட்டிருக்கும் பாலிசிகளும் உண்டு. மாதத்துக்கு முப்பது டாலர் மிச்சம் என்று மாறியவர்கள் பலர் எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரியாமலே மாறியிருக்கிறார்கள்.

இரண்டாவது செக்குக்குக் காலக்கெடு உண்டு, பல பாலிசிகளில் ஒரு வருடம். புயல் நடந்து எவ்வளவு நாளுக்குள் க்ளெயிம் போட வேண்டும் என்பதற்கும் கெடு உண்டு. "அடுத்த வருஷம் ஊருக்குப் போய்ட்டு வந்து பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். இன்னொன்று: வீட்டுக்கடன் இருந்தால் செக்கில் வங்கியின் பெயரும் இருக்கும். அவர்கள் கையெழுத்தில்லாமல் அது மாறாது. சில வங்கிகள் பணத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தருவார்கள். காண்ட்ராக்டரிடம் தேதி சொல்வதற்கு முன்னால் வங்கிக்கு ஒரு போன் போட்டு நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாசலில் வந்து நிற்கும் ஆளைப் பற்றி. மழை விட்ட மறுநாள் காலை, கையில் டேப்லெட்டோடு சிரித்த முகமாக ஒருவர் வருவார். இலவசமாகப் பார்க்கிறேன் என்று மேலே ஏறுவார். இறங்கி வந்து, "கூரை முழுக்கப் போச்சு, இன்ஷூரன்ஸே கொடுத்துடும், டிடக்டிபிளை நாங்க பார்த்துக்கறோம்" என்பார். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிடுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் டிடக்டிபிளை வீட்டுக்காரர் கட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். தள்ளுபடி செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிற காண்ட்ராக்டருக்கு 2,000 டாலர் வரை அபராதமும் 180 நாள் வரை சிறையும் உண்டு. தெரிந்தே ஊதிப் பெருக்கிய பில்லை அனுப்பும் வீட்டுக்காரரும் மாட்டலாம். அதோடு, இரண்டாவது செக்கைத் தரும் முன் டிடக்டிபிளைக் கட்டியதற்குக் கம்பெனி உங்களிடம் ஆதாரம் கேட்கலாம். செக் மாறிய நகல், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், கடன் ஒப்பந்தம், இப்படி ஏதாவது ஒன்று காட்ட வேண்டும். இல்லையென்றால் 6,450 அங்கேயே நிற்கும்.

சட்டத்தை விடுங்கள், சாதாரணப் புத்தியில் யோசியுங்கள். 21,500 டாலர் வேலையை 9,100 டாலருக்கு ஒருவர் எப்படிச் செய்வார்? கைக்காசு போட்டா? அடித்தாளை மெலிதாகப் போடுவார், ஓரங்களில் தண்ணீர் புகாமல் தடுக்கும் பழைய தகரத்தை மாற்றாமல் அதன் மேலேயே புதிய ஷிங்கிளை ஒட்டுவார், ஒரு ஷிங்கிளுக்கு ஆறு ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் நாலு அடிப்பார். இரண்டாவது கோடையில் ஹாலில் தண்ணீர் சொட்டும்போது அந்த போன் நம்பர் உபயோகத்தில் இருக்காது. டெக்சாஸில் கூரை போடுகிறவருக்கு மாநில உரிமம் எதுவும் தேவையில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு வண்டியும் ஏணியும் இருந்தால் போதும்.

அந்த டேப்லெட்டில் "பார்வையிட அனுமதிக்கு மட்டும்" என்று வாங்கும் கையெழுத்து பல நேரம் ஒப்பந்தமாகவே இருக்கும். க்ளெயிம் கிடைத்தால் வேலை எங்களுக்கே என்ற வரி கீழே ஒளிந்திருக்கும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பதறாமல் உடனே செயல்படுங்கள். வீட்டு வாசலில் நடந்த விற்பனையை மூன்றாவது வேலை நாள் நள்ளிரவுக்குள் ரத்து செய்யும் உரிமை மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்து மூலம் ரத்து செய்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் சார்பா கம்பெனியோடு பேசி வாங்கித் தர்றேன்" என்பதும் டெக்சாஸ் சட்டப்படி காண்ட்ராக்டர் செய்யக்கூடாத வேலை. அதற்கு உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. பப்ளிக் அட்ஜஸ்டரின் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, கிடைக்கும் தொகையில் 10 சதவீதம்.

எல்லா காண்ட்ராக்டரும் திருடர் என்று சொல்லவில்லை. வெயிலில் உழைக்கிற நல்லவர்கள் நிறையப் பேரைத் தெரியும். நான் எழுத மறந்த தகரத்தையும் பைப் மூடியையும் அவர்கள்தான் பட்டியல் போட்டு அனுப்புவார்கள், நானும் சேர்ப்பேன். ஆனால் சுத்தியலால் தட்டி ஆலங்கட்டிக் குழி செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இயற்கை கன்னாபின்னாவென்று அடிக்கும். இவர்கள் அடித்த குழிகள் கை எட்டும் தூரத்தில் வரிசையாக, ஒரே அளவில் இருக்கும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய தகரக் குழாயில் ஒரு கீறல்கூட இருக்காது. பத்துக்குப் பத்து அடி சதுரத்தில் குழிகளை எண்ணுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எஸ்டிமேட்டில் தொகை எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: ஸ்கொயர். நூறு சதுர அடி ஒரு ஸ்கொயர். வீட்டின் பரப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கூரையின் பரப்புதான் கணக்கு. கார் ஷெட்டும் தாழ்வாரமும் சேரும், சரிவு கூடினால் பரப்பும் கூலியும் கூடும். தடித்த ஷிங்கிளுக்கு இங்கே ஒரு ஸ்கொயருக்கு 400 முதல் 600 டாலர் வரை சாதாரணமாகப் பார்க்கிறேன், பெரிய புயலுக்குப் பிறகு இன்னும் ஏறும். பலகை அழுகியிருந்தால் ஷீட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வரும். அந்த விலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பழைய கூரையைப் பிரித்துப் போட்ட பிறகு விலை பேச உங்களுக்கு வாய் இருக்காது. உள்ளூரில் நிரந்தர முகவரி உள்ள இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

"சும்மா ஒரு க்ளெயிம் போட்டுப் பார்ப்போமே" என்கிறவர்களுக்கு: வேண்டாம். பணம் வராத க்ளெயிமும் கம்பெனிகள் பார்க்கும் க்ளூ பதிவேட்டில் 7 வருடம் வரை இருக்கலாம். முதலில் சேதம் உங்கள் டிடக்டிபிளைத் தாண்டுமா என்று பாருங்கள். கால் டாலர் நாணயம் அளவுக்கு, அதாவது ஒரு அங்குலத்துக்கு, கட்டி விழுந்தால்தான் வானிலைத் துறையே அதைக் கடுமையான புயல் என்கிறது. பட்டாணி அளவில் விழுந்ததற்கெல்லாம் கூரை மாற்றச் சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள். ஒழுகினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஆள் வைத்துத் தார்ப்பாய் போட்டு, போட்டோ எடுத்து, ரசீதை வையுங்கள். நீங்களாக மேலே ஏறாதீர்கள். கூரையிலிருந்து விழுந்த இடுப்புக்கு நான் எஸ்டிமேட் எழுத முடியாது.

வேலை முடிந்த அன்று எல்லோரும் புல்லில் ஆணி கிடக்கிறதா என்று தேடுவார்கள். நல்லதுதான், காந்தத்தை வைத்து ஓட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் பரண் வழியாகக் கூரைக்கு மேலே போகிறது. மேலே தட்டித் தட்டி வேலை செய்யும்போது பரணுக்குள் அதன் இணைப்பு கழன்றுவிடலாம். கழன்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் இறங்கும், வாசனைகூட வராது. கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் பரணில் டார்ச் அடித்து அந்த இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள். அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுக் கூரை போடும்போது கிளாஸ் 4 ஷிங்கிள் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். இரண்டு அங்குல இரும்புக் குண்டை இருபது அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டு, விரிசல் வராமல் தாங்கினால்தான் அந்தத் தரம். கொஞ்சம் விலை கூட. பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. எவ்வளவு என்று முதலில் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். தள்ளுபடியோடு, வெறும் தோற்றச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதையும் கேளுங்கள், தகரக் கூரை போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். காண்ட்ராக்டர் கையெழுத்திட்ட சான்றுப் படிவத்தை ஏஜென்ட்டுக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அவராகக் கேட்டு வாங்குவார் என்று காத்திருந்து மூன்று வருடத் தள்ளுபடியை விட்டவர்கள் இருக்கிறார்கள்.