டம்ளருக்குள் கரைந்த பெயர்

பெங்களூரு அல்சூர் மளிகைக் கடையில் "சந்தன சோப்பு" என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரர் கை பெரும்பாலும் மைசூர் சாண்டலுக்குத்தான் போகும். முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஏற்றுமதி முடங்கியது. தேங்கிய மரத்தை எண்ணெயாக வடித்ததன் தொடர்ச்சியாக 1916இல் வந்தது இந்த அரசு சோப்பு. நீள்வட்டக் கட்டி, யானைத் தலையும் சிங்க உடலுமாக சரபம், சந்தன மணம். மூன்றும் மாறாமல் சேர்ந்தே வந்ததால், ஒன்றைக் கண்டாலே மற்ற இரண்டும் மனதில் எழுந்துவிடுகின்றன. பார்வையும் ஒலியும் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் வழியாகச் சுற்றிப் போகின்றன. வாசனை மட்டும் உணர்ச்சிக்கான அமிக்டலாவுக்குக் குறுக்குவழியில் போய்விடும். ஊருக்குப் போகிறவர் பையில் இரண்டு கட்டி வைத்து அனுப்புகிற அத்தை செய்வதை எந்த விளம்பரமும் செய்ய முடியாது.

பெயர் ருசியையே மாற்றுமா? வீட்டிலேயே பார்க்கலாம். சிக்கரி விகிதம் ஒன்றாக உள்ள இரண்டு பிராண்ட் பில்டர் காபித் தூள் வாங்குங்கள். விகிதம் வேறானால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும், சோதனை வீண். டிகாஷன், பால், சர்க்கரை, சூடு எல்லாம் ஒரே அளவு. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரு தூள், ஒன்றில் மற்றது. "எது வேறு?" என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு பேருக்குச் சரியாக அமையும். அதனால் 10 பேரில் 7 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று கொள்ளலாம். டம்ளரை வைக்கும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நடு டம்ளரையே காட்டுவார்கள்.

அடுத்து, ஒரே டிகாஷனை இரண்டு டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் இரண்டு பாக்கெட்டையும் வையுங்கள். "இதுதான் கெட்டி" என்று அடித்துச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. 2004இல் ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து கோலா கொடுத்தார்கள். கோக் என்று தெரிந்து குடித்தபோது நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸ் கூடுதலாக வேலை செய்தது. பெப்சி பெயருக்கு அந்தத் துள்ளல் இல்லை.

இப்படி மனதில் ஒரு பெயரைக் கட்டுவதைவிடக் கலைப்பது சுலபம். 2009இல் அமெரிக்காவில் ட்ராபிகானா என்ற ஆரஞ்சுச் சாறு பிராண்ட், ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு டப்பாவை நவீனமாக்கியது. சாறு அதேதான். ஆனால் அலமாரியில் பழைய அடையாளம் கண்ணில் படவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சு மறுபடி டப்பாவில் ஏறியது.