இரவு மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் ஏன் ஓடுகிறது?

நடுரோட்டில் குழாய் உடைந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடித்தால் தெருவே கூடிவிடும், யாராவது போன் செய்வார்கள், நான்கு மணி நேரத்தில் வால்வை மூடிவிடுவார்கள். விநாடிக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட வீணானது 1,44,000 லிட்டர். அதே தெருவில் ஒரு வீட்டு இணைப்பில் நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு வருடத்தில் அது 5,25,600 லிட்டர்! ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட எத்தனை நாள் ஓடியது என்பதுதான் முக்கியம்.

சரி, கண்ணில் படாததை எப்படிப் பிடிப்பது? ஊரைச் சில ஆயிரம் வீடுகள் கொண்ட சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரித்து, எல்லையில் இருக்கும் வால்வுகளை மூடிவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் வழியில் ஒரு மீட்டர் வைக்கிறார்கள். பகலில் அந்த மீட்டர் சொல்வதில் கசிவு எது, குளியல் எது என்று பிரிக்க முடியாது. இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் பார்க்க வேண்டும். ஊர் தூங்குகிறது. எழுந்து கழிப்பறை போகிறவர்கள், ஆஸ்பத்திரி, நிரம்பிக்கொண்டிருக்கும் வீட்டுத் தொட்டிகள், இதையெல்லாம் கழித்த பிறகும் மீட்டர் ஓடினால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகிறது.

எந்தத் தெரு என்று தெரிந்தபின் காதுக்கு வேலை. அழுத்தத்தோடு வெளியேறும் தண்ணீர் இரைகிறது, அந்த இரைச்சல் குழாய் வழியாகவே இரண்டு பக்கமும் ஓடுகிறது. 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு வால்வுகளில் உணரிகளை ஒட்டினால் ஒன்றுக்கு முன்னதாகவும் மற்றதற்குச் சற்றுத் தாமதமாகவும் கேட்கும். இரும்புக் குழாயில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் போகும் என்று எடுத்துக்கொண்டால், தாமதம் 0.02 விநாடி என்றால் தூர வித்தியாசம் 24 மீட்டர். 100இல் இந்த 24 போக மீதி 76, அதில் பாதி 38. ஆகவே ஓட்டை முதலில் கேட்ட உணரியிலிருந்து 38 மீட்டரில் இருக்கிறது, அங்கே மட்டும் தோண்டினால் போதும். பிளாஸ்டிக் குழாயில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் அங்கே இது கடினம்.

தோண்டாமலே கசிவைக் குறைக்கவும் வழி உண்டு. இரவில் குழாயைத் திறப்பவர்கள் மிகக் குறைவு, அதனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, எல்லா ஓட்டைகளும் கூடுதலாகக் கக்குகின்றன. பிளாஸ்டிக் குழாயில் இருக்கும் நீளவிரிசல் அழுத்தம் ஏற ஏற வாயைத் திறந்துகொள்ளும். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை வைத்து இரவில் அதை இறக்கினால் அன்றைக்கே கசிவு குறையும், புதிதாக உடைவதும் குறையும்.

ஆனால் முறைவைத்து ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில் இரவில் மீட்டரைப் பார்த்துக் கசிவை அளக்கும் இந்த வழியே கிடையாது. இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: தண்ணீரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் விழுகிறது, எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ அதே ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது. அடுத்த முறை தண்ணீர் விடும்போது அதுதான் நம் குடத்துக்கு வந்து சேர்கிறது.

இதிலிருந்து மீண்ட நகரம் இருக்கிறது. போரில் நொறுங்கிய கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில், 1993இல் ஏக் சோன் சான் குடிநீர் வாரியத்தின் தலைமைக்கு வந்தபோது, குழாயில் விட்ட தண்ணீரில் 72% கணக்கில் வரவில்லை. கசிவும் திருட்டும் கலந்து கிடந்தன, திருட்டு இணைப்புகளில் ஊழியர்களுக்கும் பங்கு இருந்தது. அவர் எல்லா இணைப்புக்கும் மீட்டர் போட்டார், பழைய குழாய்களை மாற்றினார், பணக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் கட்டணத்தைக் கறாராக வசூலித்தார், இழப்பைக் குறைத்த ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். கசிவை அடைக்க இரவும் பகலும் ஒரு குழு தயாராக நின்றது. பதினைந்து வருடத்தில் 72% என்பது 6% அளவுக்கு இறங்கியது, நகரத்துக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வருகிறது.