சொல் விளக்கம்: தொழிற்சங்கம்

கூலிக்கு உழைப்போர் தம் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் பற்றி முதலாளியோடு தனித்தனியே மன்றாடாமல் ஒன்றுபட்டுப் பேசுவதற்காக அமைத்துக்கொள்ளும் நிலையான அமைப்பே தொழிற்சங்கம். ‘டிரேட் யூனியன்’ என்பதற்கு ஈடாக வழங்கும் இச்சொல்லை ‘வணிகச் சங்கம்’ என்று பெயர்ப்பது பெரும்பிழை.

‘டிரேட்’ என்பது இடைக்கால ஆங்கிலத்தில் தடம், வழி என்றே பொருள்பட்டது. ஒருவர் வழக்கமாகச் செல்லும் வழி அவர் வழக்கமாகச் செய்யும் வேலையாகி, பின்னர் பயின்று தேர்ந்த கைத்தொழிலையும் வணிகத்தையும் குறித்தது. ‘யூனியன்’ ஒன்று எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தையற்காரர்களும் கம்பளி சீவுவோரும் தொப்பி செய்வோரும் தத்தம் தொழிலின் பெயராலேயே கூடினர் என்பதால், இத்தொடரில் உள்ள ‘டிரேட்’ கைத்தொழிலே.

அன்றைய சட்டம் இத்தகைய கூடுகையை ‘காம்பினேஷன்’, அதாவது கூட்டு, என்றது. ஆலைகள் பெருகிவந்த காலத்தில், 1799, 1800 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் கூலி உயர்வுக்காகக் கூடுவதையே குற்றமாக்கின. 1824இல் அவை நீக்கப்பட்டபோதிலும், அடுத்த ஆண்டே புதிய கட்டுப்பாடுகள் வந்தன. சங்கம் அமைப்பது குற்றமில்லை என்றான பின்னரும், 1834இல் டால்படில் என்னும் சிற்றூரின் விவசாயக் கூலிகள் அறுவர், சங்கத்தில் சேரும்போது இரகசிய உறுதிமொழி எடுத்தனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஏழாண்டுத் தண்டனையுடன் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். மக்கள் கொதித்தெழுந்ததால் 1836இல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. பிரிட்டனில் சங்கங்களுக்கு முழுமையான சட்ட ஏற்பு 1871இல்தான் கிடைத்தது.

தமிழ்ச் சொல் தொழில், சங்கம் என்னும் இரண்டின் புணர்ச்சி. லகரம் றகரமாகத் திரிவதால் ‘தொழிற்சங்கம்’ என்றே எழுத வேண்டும். ‘சங்கம்’ வடமொழி வழி வந்ததெனினும் தமிழில் வேரூன்றிவிட்டது; அதை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து.

1918இல் தொழிலாளர் தலைவர் பி. பி. வாடியா தலைமையில், சென்னையின் பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளின் தொழிலாளர்கள் அமைத்தது ‘சென்னைத் தொழிலாளர் சங்கம்’. தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கம் என்னும் இரண்டும் இன்று ஒரே பொருளில் வழங்குகின்றன. ஆயினும் 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம், தொழிலாளர்களின் கூட்டமைப்பை மட்டுமன்றி, முதலாளிகள் தமக்கிடையே உள்ள உறவை ஒழுங்குபடுத்த அமைக்கும் கூட்டமைப்பையும் இவ்வரையறைக்குள் அடக்கியது. ஆகவே அச்சட்டத்தைப் பற்றி எழுதுகையில் ‘தொழிற்சங்கம்’ என்பதே பொருந்தும்; உழைப்போரின் அமைப்பை மட்டும் சுட்டும்போது ‘தொழிலாளர் சங்கம்’ என்பது ஐயத்துக்கு இடமின்றிப் பொருள் தரும்.