கேசட்: ஒலிநாடாவா, ஒலிப்பேழையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நாங்கள் 'கேசட்டு' என்றே சொல்லிப் பழகினோம். சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துக்குப் போய் வருபவர்கள் மளிகைச் சாமான்களோடு ஒரு கேசட்டும் வாங்கி வருவார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு வீட்டில் அது பாடினால் வரிசை முழுவதும் கேட்கும். சொல்லின் ஈற்றில் ஒட்டிய அந்த உகரத்தைக் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை என்பது நன்னூல் காட்டும் வழக்கு. இலக்கணம் படிக்காத பால்மரத் தொழிலாளர்களின் நாக்கு அந்த வழக்கின்படியே அயற்சொல்லைத் திருத்திக்கொண்டது. எழுதும்போது 'கே' என நெடிலே வர வேண்டும். 'கெசட்' என்றால் அரசிதழ்.

இலத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்சா' என்ற சொல்லே இதற்கு வேர். அது பிரெஞ்சு மொழியில் சிறுமைப் பொருள் தரும் விகுதியேற்று, நகையோ பணமோ வைக்கும் சிறு பெட்டியைக் குறித்து, பின்னர் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் பரவியது. ஆகவே, சொல் சுட்டுவது பெட்டியைத்தான். உள்ளே ஓடும் நாடாவை அன்று.

பொருளின் வரலாறும் அதையே சொல்கிறது. ஒலிப்பதிவு நாடா முன்பே பெரிய சுருள்களாகப் புழங்கியது; அதைக் கையால் கோத்து மாட்ட வேண்டியிருந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் லூ ஓட்டன்ஸ், சட்டைப்பையில் அடங்கும் மரக்கட்டை ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் கருவியைச் சுருக்க முனைந்தார். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியான அவரது கேசட்டில் நாடாவும் இரு சுருளிகளும் ஒரே கூட்டுக்குள் அமைந்தன. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். பக்கத்துக்கு 30 நிமிடம் பாட 85 மீட்டருக்கும் மேற்பட்ட நாடா அந்தச் சிறு கூட்டுக்குள் சுற்றப்பட்டிருந்தது.

தமிழில் பெருவழக்கான 'ஒலிநாடா' உள்ளிருக்கும் பொருளைச் சுட்டுகிறது. இதிலுள்ள 'நாடா' வடக்கிலிருந்து வந்த சொல் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 'ஒலிப்பேழை' என்பதோ பெட்டி என்ற மூலப்பொருளைச் சிதையாமல் தருகிறது. நோவாவின் பேழையைப் படித்தவர்களுக்குப் பேழை பெரிதாகத் தோன்றலாம். சிறுமைப் பொருளுக்குச் 'சிமிழ்' இன்னும் நெருங்கி வரும் என்பது என் எண்ணம். ஆனாலும், வழக்கில் ஊன்றிவிட்ட ஒலிப்பேழையை மாற்றத் தேவையில்லை.

இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதும் இல்லை. கருவி நாடாவை இழுத்துக்கொண்டபோது எங்கள் அத்தை, "கேசட்டுல நாடா சிக்கிக்கிச்சு, பென்சில் கொண்டாப்பா" என்பார். கூட்டையும் உள்ளிருப்பதையும் அவர் பேச்சு தெளிவாகவே பிரித்தது. எழுத்திலும் அவ்வாறே, முழுப் பொருளுக்கு ஒலிப்பேழை என்றும், அதனுள் ஓடுவதற்கும் பழைய பெருஞ்சுருளுக்கும் ஒலிநாடா என்றும் வழங்குவதே பொருத்தம். 'ஒலி' என்பதில் லகரமே வர வேண்டும். ளகரம் இட்டால் அது வீடியோவைக் குறித்த ஒளிநாடாவாகிவிடும்.