வாசல் வெளிச்சமும் ரிங் லைட்டும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு ஒண்டுக்குடித்தனம். முன்னறைக்கு ஒரே வாசல், அது திறப்பது குறுகலான ஒரு சந்தில். அந்தச் சந்துக்குள் வெயில் நேராக இறங்குவது நடுமதியத்தில் கொஞ்ச நேரம்தான், மற்றபடி எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்து வருகிற வெளிச்சம்தான் நாள் முழுக்க. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து முன்னறையில் வாசலைப் பார்த்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தையை ஒருநாள் காலை பத்து மணிக்கு, கேமராவோடு வந்த சாதாரண லென்ஸிலேயே எடுத்தேன். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதில் வரை தெரிந்தது, எதுவும் உறுத்தவில்லை. அதே அத்தையை அன்று இரவு புதிதாக வாங்கிய ரிங் லைட்டில் எடுத்தால் முகம் தட்டையாக, சாம்பல் பூத்தது போல வந்தது. "இன்னாடா, காய்ச்சல்ல படுத்தவ மாதிரி எடுத்து வச்சிருக்க" என்றார்.

காசு கொடுத்து வாங்கிய விளக்கு தோற்று, சும்மா கிடைத்த வாசல் ஏன் ஜெயித்தது? இது புரிந்துவிட்டால் முகப்படம் எடுக்க எந்த லைட் வாங்கலாம் என்ற குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், அதனால் முதலில் இதை விளக்கிவிடுகிறேன்.

மூக்கின் நிழல் கன்னத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் நிற்கிற ஒரு எறும்பின் கண்ணால் பாருங்கள். விளக்கு சின்னதாக இருந்தால், எறும்புக்கு ஒன்று விளக்கு முழுசாகத் தெரியும், இல்லையென்றால் மூக்கு அதை முழுசாக மறைத்துவிடும், ஓர் எட்டு நகர்ந்தாலே வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போய்விடும். அதுதான் கத்தியால் வெட்டியது போன்ற நிழல். விளக்கு பெரிதாக இருந்தால் எறும்பு நடக்க நடக்க முக்கால் விளக்கு, பாதி விளக்கு, கால் விளக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறையும். அந்த இடைப்பட்ட பகுதி அகலமாக இருப்பதைத்தான் 'சாஃப்ட் லைட்' என்கிறோம். ஆக, முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே முக்கியம், உண்மையில் எவ்வளவு பெரிது என்பது இல்லை. சூரியனின் விட்டம் கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர், ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு அரை டிகிரி அகலத்தில்தான் தெரிகிறது, அதனால்தான் உச்சி வெயிலில் எடுத்த முகத்தில் கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுப்பு.

எங்கள் வாசலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் அகலம், அத்தை ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 53 டிகிரி. கேமரா மேல் செருகும் ஃபிளாஷின் முகம் ஏழு சென்டிமீட்டர் இருக்கும், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் 3 டிகிரிகூட வராது. ஆனால் அதே ஃபிளாஷை, போட்டோவுக்கென்றே விற்கும் ஒரு மீட்டர் அகல வெள்ளைக் குடைக்குள் அடித்து, குடையை முகத்திலிருந்து ஒரு மீட்டரில் நிறுத்தினால்? அதே 53 டிகிரி, வாசலேதான். குடையை மூன்று மீட்டர் தள்ளிவிட்டால் 19 டிகிரிக்குச் சுருங்கிவிடும். சாஃப்ட்பாக்ஸ் (விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி) வாங்கியும் நிழல் கடுமையாக இருக்கிறது என்கிறவர்களில் நிறையப் பேர் அதை அறையின் மூலையில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். படத்துக்குள் விளக்கு தெரிந்துவிடாத அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவாருங்கள், இதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

ரிங் லைட்டும் அகலம்தானே என்று கேட்கலாம். அகலம்தான், ஆனால் அது லென்ஸைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நிழல் எல்லாம் மூக்குக்கும் தாடைக்கும் பின்னால், லென்ஸ் பார்க்க முடியாத இடத்தில் விழும். முகத்தின் மேடு பள்ளத்தை நாம் நிழலை வைத்துத்தான் அறிகிறோம், அது போனால் முகம் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும்.

தட்டையானதற்குக் காரணம் அது. சாம்பல் பூத்ததற்குக் காரணம் வேறு, அதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. ரிங் லைட்டில் இருப்பது வெள்ளை எல்.ஈ.டி., அது உண்மையில் ஒரு நீல எல்.ஈ.டி. (அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) நீல வெளிச்சத்தின் ஒரு பகுதியைப் பாஸ்பர் பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. விலை குறைந்த பாஸ்பரில் ஆழமான சிவப்பு குறைவு. நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உயிரே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது, ஏனென்றால் தோலில் உள்ள மெலனின் நீலத்தைத்தான் அதிகம் விழுங்குகிறது, சிவப்பைத்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறது. விளக்கே சிவப்பைக் கொடுக்கவில்லை என்றால் தோல் எதைத் திருப்பி அனுப்பும்? அப்புறம் எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் இல்லாத நிறம் வராது.

பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான எண்) 80, 90 என்று போட்டிருப்பார்கள். அந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேர்த்தி இல்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. எல்.ஈ.டி.தான் வாங்குவேன் என்றால் சி.ஆர்.ஐ. 95க்கு மேல், ஆர்9உம் 90ஐ ஒட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்9 எண்ணே தராத விளக்கை நான் வாங்க மாட்டேன்.

ஃபிளாஷில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே செனான் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கெபாசிட்டர். நான்கு பென்சில் பேட்டரியின் ஆறு வோல்ட்டை முந்நூறு வோல்ட் அளவுக்கு ஏற்றி கெபாசிட்டரில் சேர்த்து வைத்து ஒரே அடியில் குழாய்க்குள் கொட்டும் (ரிப்பேர் பார்க்கிறேன் என்று திறந்துவிடாதீர்கள், அணைத்த பிறகும் அந்த மின்சாரம் உள்ளே நிற்கும்). செனான் தரும் வெளிச்சத்தில் எல்லா நிறமும் விட்டுப்போகாமல் இருக்கும், சூரியனுக்கு ரொம்பவே நெருக்கம், விலை குறைந்த ஃபிளாஷிலும் அப்படித்தான். பலமும் வேறு ரகம். சுமார் 60 ஜூல் ஆற்றலை நொடியின் சில நூறில் ஒரு பங்குக்குள் கொட்டிவிடுகிறது. 60 வாட் எல்.ஈ.டி.யை வைத்து 1/60 நொடி ஷட்டரில் எடுத்தால் அந்த நேரத்துக்குள் அது செலவழிப்பது ஒரே ஒரு ஜூல். எல்.ஈ.டி. மின்சாரத்தை வெளிச்சமாக்குவதில் கெட்டிதான், அதனால் உண்மையான வித்தியாசம் அறுபது மடங்கு இருக்காது, இருந்தாலும் பகலில் குடை போட்டு எடுக்கும்போது ஃபிளாஷ் தாக்குப்பிடிக்கும், சின்ன எல்.ஈ.டி. காணாமல் போய்விடும். வீடியோவும் எடுப்பவர்களுக்கு எல்.ஈ.டி. வேண்டும், அது சரி. முகம் மட்டும் போதும் என்றால் என் ஓட்டு ஃபிளாஷுக்கு.

ஆட்டோ வசதி இல்லாத மேனுவல் ஃபிளாஷ் போதும், கோடாக்ஸ் டி.டி.600 போல. பெட்டியில் 'கைடு நம்பர் 60' என்று பெரிதாக இருக்கும், ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், அது ஃபிளாஷ் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமில் குவித்து அளந்தது, குடைக்குள் விரித்து அடிக்கும்போது அதில் பெரும்பகுதி கிடைக்காது. அதற்கு ஒரு டிரிகர் (கேமராவிலிருந்து தள்ளி நிற்கும் ஃபிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைப்பது), ஒரு ஸ்டாண்ட், குடை மாட்டும் பிராக்கெட், ஒரு வெள்ளைக் குடை. ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மதியத்துக்கு மேல் காசிமேட்டில் கடற்காற்று கிளம்பினால் குடை பாய்மரமாகிவிடும். என் முதல் ஃபிளாஷ் அங்கேதான் கருங்கல்லில் விழுந்து உடைந்தது, அன்றிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிடாமல் நான் குடையை விரிப்பதில்லை.

இத்தனைக்கும் முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு. ஸ்டேஷனரி கடையில் ஒரு பெரிய தெர்மாகோல் அட்டை, துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் மூன்று மீட்டர் வெள்ளை மல் துணி. தெர்மாகோலை முகத்தின் நிழல் பக்கம் ஓரடியில் பிடித்தால் அது இரண்டாவது விளக்கு. துணியை மாடியில் கொடிக்கயிற்றில் கட்டி அதன் நிழலில் ஆளை உட்காரவைத்தால் உச்சி வெயிலே சாஃப்ட்பாக்ஸ்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பத்துக்குப் பத்து அறை, பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர். குடை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிந்தும், அது பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பி தாடைக்குக் கீழே பச்சையாக ஏறும். ரொம்ப நாள் இதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்துக்குப் பக்கத்துச் சுவரில் அந்த மல் துணியையோ, நிழல் அழுத்தமாக வேண்டுமென்றால் கறுப்புத் துணியையோ தொங்கவிட்டால் போய்விடுகிறது. பின்சுவர் கண்ணை உறுத்தினால் அதற்கும் தூரம்தான் மருந்து. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். குடை முகத்திலிருந்து 60 சென்டிமீட்டர், சுவர் குடையிலிருந்து 180 என்றால், மூன்று மடங்கு தூரம், சுவருக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு. பெரிய குடை இவ்வளவு அருகில் இருக்கும்போது கணக்கு அச்சுப் பிசகாமல் வராது, ஆனாலும் பச்சை கரும்பச்சையாகி ஒதுங்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு அத்தையை அதே முன்னறையில் மறுபடி உட்காரவைத்தேன். குடையை வாசல் இருக்கும் பக்கம், அவர் தலைக்குச் சற்று மேலே நிறுத்தி, இந்தப் பக்கம் தெர்மாகோலைத் தம்பி பிடித்துக்கொண்டான். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குள் பார்த்தால் கருவிழியில் ஒரு வெள்ளை வட்டம், குறுக்கே குடைக்கம்பியின் மெல்லிய கோடு. காலையில் எடுத்த பழைய படத்தில் அதே இடத்தில் ஒரு நீளமான வெள்ளைக் கட்டம், எங்கள் வாசல். உங்களுக்குப் பிடித்த முகப்படம் எதையாவது திறந்து கண்ணுக்குள் இப்படிப் பாருங்கள், அதை எடுத்தவர் எந்த வடிவ விளக்கை எந்தப் பக்கம் வைத்தார் என்பது அங்கேயே இருக்கும்.