மூன்று டெசிபெல் எங்கே போனது?

மிக்ஸிங் மென்பொருளில் கணீரென்று கேட்ட குரல்பதிவு, வீடியோ எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் சோர்ந்துவிடுகிறது. உடனே எல்லோருடைய கையும் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை, ஏற்றத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். சத்தம் குறைந்தது கோப்பிலா, அது ஸ்பீக்கருக்கு வரும் பாதையிலா? பாதையில் குறைந்ததைக் கோப்பில் ஏற்றிச் சரிசெய்தால், வீடியோவைப் பார்க்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார்.

கண்டுபிடிப்பது எளிது. வீடியோ மென்பொருளிலிருந்து ஒலியை மட்டும் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதையும் மூலக் கோப்பையும் மிக்ஸிங் மென்பொருளில் இரண்டு டிராக்குகளில், நூல் பிசகாமல் பொருத்தி வைத்து, ஒன்றின் அலையை மட்டும் ஃபேஸ் பொத்தானால் தலைகீழாக்குங்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் சரியாக விழும். இரண்டும் ஒன்றேயானால் எதுவுமே கேட்காது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாறியிருந்தால் லேசான மிச்சம் கேட்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அமைதி வந்துவிட்டால் கோப்பில் குற்றமில்லை. விண்டோஸ் கணினியில் மிக்ஸிங் மென்பொருள் பெரும்பாலும் ஏஎஸ்ஐஓ என்ற ஒலிக்கான தனி டிரைவர் வழியாக நேரே ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, அதாவது ஸ்பீக்கரைக் கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டிக்கு, போய்விடும். வீடியோ மென்பொருளோ பல கணினிகளில் விண்டோஸின் வால்யூம் மிக்சர் வழியாகத்தான் வருகிறது. எப்போதோ இறக்கிவிட்ட ஸ்லைடர் அங்கே அப்படியே கிடக்கும். இன்னொரு குறும்பும் உண்டு: அழைப்பு ஏதாவது வந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு விண்டோஸில் தானாகவே இயங்கும்.

அமைதி வரவில்லையா? சத்தம் கூடிய டிராக்கின் ஃபேடரை மெல்ல இறக்குங்கள். எத்தனை டெசிபெல் இறக்கும்போது ஒலி மறைகிறதோ, அந்த எண்தான் துப்பு. ஒழுங்கில்லாத எண், உதாரணமாக 4.2, வந்தால் யாரோ கிளிப்பின் கெயினை, அதாவது அதன் சத்த அளவை, தொட்டிருக்கிறார்கள். எங்கே வைத்தாலும் மறையவில்லை என்றால் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் மாதிரி ஏதோ ஒரு எஃபெக்ட் இயங்குகிறது. சரியாக 3 வந்தால், அது பேன் விதியின், அதாவது ஒலியை இடம் வலமாக நகர்த்தும்போது சத்தத்தைச் சரிக்கட்டும் விதியின், வேலை.

மோனோ குரலை, அதாவது ஒரே சானலில் உள்ள குரலை, நடுவில் வைத்தால் இடம், வலம் இரண்டு ஸ்பீக்கரும் அதையே ஒலிக்கும். இரண்டும் முழு வீச்சில் ஒலித்தால் அறையில் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும், அதாவது 3 டெசிபெல் கூடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தும்போதெல்லாம் குரல் இப்படி உப்பக்கூடாது என்பதற்காக, பல மென்பொருள்கள் நடுவில் இரு பக்கத்தையும் 0.707 மடங்காகக் குறைக்கின்றன. அது 45 பாகையின் சைன் மதிப்பு, வர்க்கப்படுத்தினால் சரிபாதி. ஆனால் இதில் எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது. சிலவற்றில் குறைப்பு 4.5 அல்லது 6, சிலவற்றில் குறைப்பே இல்லை. அதனால்தான் இரு சானல்களோடு ஸ்டீரியோவாக இருக்கும் பின்னணி இசை மாறாமல் இருக்க, மோனோ குரல் மட்டும் அமுங்கிப்போகிறது. குரலை ஸ்டீரியோ கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கொண்டுபோனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

6 டெசிபெல் குறைந்தால் இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும்: ஸ்டீரியோ கோப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பதிவான குரலை மோனோவாக்கியிருக்கலாம். இரு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கும்போது வீச்சு பாதியாகிவிடும்.

அப்புறம், மீட்டர். சாதாரண மீட்டர் காட்டுவது அலையின் உச்சத்தை. காது உணரும் சத்தம் அதுவல்ல. அதை அளக்கப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ். 1770 என்ற முறையை வெளியிட்டது. தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, உயர்ந்தவற்றைச் சற்றுக் கூட்டி, சராசரி சக்தியை, காது உணரும் சத்தத்துக்கான எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் அது சொல்லும். ஐரோப்பிய ஒளிபரப்புக்கு இலக்கு மைனஸ் 23, யூடியூபில் ஏறத்தாழ மைனஸ் 14. யூடியூப் கூடுதலானதை இறக்குமே தவிர, குறைவானதை ஏற்றாது.

இந்த முறை இரு சானல்களின் சக்தியையும் கூட்டுவதால், மைனஸ் 17 காட்டிய மோனோ கோப்பு அதே வீச்சில் இரு பக்கமும் ஒலித்தால் மைனஸ் 14 ஆகிவிடும். எனவே மோனோ டிராக்கை அளந்து பயனில்லை; வீடியோவோடு போகும் இறுதி ஸ்டீரியோவைத்தான் அளக்க வேண்டும்.